இந்தியாவில் நீரிழிவு எத்தனை பேருக்கு: 10 கோடியா, 21 கோடியா?

2023 ஜூனில் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோயும் மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில் லான்செட்டிலேயே வெளியான இன்னோர் ஆய்வு, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் 21.2 கோடிப் பேர் என்றது. இவ்விரண்டுக்கும் முன்பு, 2021இல், பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு தந்த கணக்கு 7.4 கோடி. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு, மூன்று ஆண்டுகளில் நோய் மூன்று மடங்காகிவிட்டது என்றோ, புள்ளிவிவரம் தருபவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்றோ தோன்றும். இரண்டுமே தவறு. மூன்று ஆய்வுகளும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. கேள்வி தலைப்புச் செய்தியில் இடம்பெறுவதில்லை, விடை மட்டும் இடம்பெறுகிறது.

அந்தக் கேள்விகளைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு தேவையில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏன் கூடுகிறது, எந்த அளவுக்கு மேல் அதை நோய் என்கிறார்கள், யாரை எப்படி எண்ணுகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

உடலுக்குள் நடப்பது

நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அப்போது கணையம் இன்சுலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலின் முக்கியமாக இரண்டு வேலைகளைச் செய்கிறது: இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் எடுத்துக்கொள்ளச் செய்கிறது, தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிட்டுக்கொண்டிருக்கும் கல்லீரலை நிறுத்தச் சொல்கிறது. சிலருக்கு, குறிப்பாக வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு, தசையும் கல்லீரலும் இந்தக் கட்டளைக்கு முன்போல் பணிவதில்லை. இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். பணியாத உறுப்புகளைப் பணிய வைக்கக் கணையம் முன்னிலும் அதிகமாகச் சுரக்கிறது. பல ஆண்டுகள் இப்படியே ஈடுகட்டியும் விடுகிறது. அதுவரை பரிசோதனையில் எதுவும் தெரியாது. சுரக்கும் செல்கள் தளரத் தொடங்கும்போதுதான் சர்க்கரை அளவு மெல்ல ஏறுகிறது.

அந்த ஏற்றம் இயல்பைக் கடந்தும் நோய்க்கான அளவைத் தொடாமலும் இருக்கும் கட்டமே முன்நீரிழிவு. 'சுகர் பார்டரில் இருக்கிறது' என்று பலரும் சொல்வது இதைத்தான். ஏற்றம் தொடர்ந்து ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அது இரண்டாம் வகை நீரிழிவு. இன்சுலின் சுரக்கும் செல்கள் உடலின் தற்காப்பு அமைப்பாலேயே அழிக்கப்படும் முதலாம் வகையும் உண்டு. ஆனால் பெரியவர்களிடம் காணப்படும் நீரிழிவில் மிகப் பெரும்பகுதி இரண்டாம் வகை என்பதால், இக்கட்டுரையில் வரும் எண்கள் ஏறக்குறைய அதைப் பற்றியவையே.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த ஏற்றம் படிக்கட்டு போன்றது அல்ல, சாய்தளம் போலத் தொடர்ச்சியானது என்பதாகும். இன்று நலம், நாளை நோய் என்று பிரிக்கும் ஒரு நாள் உடலுக்குள் கிடையாது. பிரிக்கும் கோட்டை நாம்தான் போடுகிறோம்.

கோடுகள் எங்கே போடப்பட்டிருக்கின்றன

சர்க்கரையை அளக்க மூன்று வழிகள் பரவலாக உள்ளன. முதலாவது, இரவு முழுவதும் உண்ணாமல் இருந்து காலையில் எடுக்கும் வெறும் வயிற்றுச் சோதனை. அதில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. இரண்டாவது, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து அளக்கும் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. அதில் 200ஐத் தொட்டால் நீரிழிவு. 140 முதல் 199 வரை இருந்தால் முன்நீரிழிவு. மூன்றாவது ஹெச்பிஏ1சி, அதாவது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், இது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். 6.5 விழுக்காட்டைத் தொட்டால் நீரிழிவு.

126 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. அந்த அளவை ஒட்டித்தான் கண்ணின் விழித்திரையில் நீரிழிவுக்கே உரிய சேதம் கூடத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்ததால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 1997 வரை 140 ஆக இருந்த எல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்த ஆண்டில்தான் 126க்கு இறக்கியது. 138 என்று அளவு வந்த ஒருவர், உடலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, ஒரு கையெழுத்தில் நோயாளியானார். அதை நிர்வாகத் தந்திரம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை; விழித்திரையின் சேதம் உண்மையானது. ஆனால் கோடு நகர்ந்தால் எண்ணிக்கையும் நகரும் என்பதும் உண்மை.

முன்நீரிழிவின் கீழ் எல்லைக்கு அப்படித் தெளிவான ஒரு திருப்புமுனை கிடையாது. அதனால்தான் அங்கே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வெறும் வயிற்றில் 110 முதல் 125 வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2003 முதல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 முதல் 125 வரை என்கிறது. பத்து மில்லிகிராம்தானே என்று தோன்றலாம். இந்தியாவின் 15 மாநிலங்களில் 57,117 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், உலக சுகாதார நிறுவன அளவுகோலின்படி முன்நீரிழிவு 10.3 விழுக்காடு, அமெரிக்க அளவுகோலின்படி 24.7 விழுக்காடு. அதே மக்கள், அதே காலை, அதே இரத்தத் துளி. அமெரிக்கப் பெரியவர்களில் 38 விழுக்காட்டினருக்கு முன்நீரிழிவு என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டதையும், 2023ஆம் ஆண்டு ஆய்வு இந்தியாவுக்குச் சொன்ன 15.3 விழுக்காட்டையும் அருகருகே வைத்து 'நாம் பரவாயில்லை' என்று யாராவது சொன்னால், இரண்டும் வெவ்வேறு கோடுகளால் அளக்கப்பட்டவை என்பதை நினைவுபடுத்த வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சர்க்கரையின் ஏற்றம் தொடர்ச்சியானது, அதை இயல்பு, முன்நீரிழிவு, நீரிழிவு என்று பிரிக்கும் எல்லைகள் மனிதர்கள் ஆராய்ந்து வகுத்தவை, நோயின் எல்லையில் உடன்பாடு அதிகம், முன்நீரிழிவின் எல்லையில் குறைவு.

பரவல் விகிதம் எதைச் சொல்கிறது

அலுவலக நேரத்து நகரப் பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. அந்த நிறுத்தத்தில் புதிதாக எத்தனை பேர் ஏறினார்கள் என்பது வேறு கணக்கு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் மக்கள்தொகையில் எத்தனை விழுக்காட்டினரிடம் நோய் இருக்கிறது என்று சொல்வது பரவல் விகிதம். அது உள்ளே இருப்பவர்களின் கணக்கு. ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது என்று சொல்வது புதுநிகழ்வு விகிதம். அது ஏறியவர்களின் கணக்கு. செய்திகளில் வருவது பெரும்பாலும் முதலாவது. படிப்பவர் மனத்தில் பதிவது இரண்டாவது.

ஏறுபவர்கள் கூடாவிட்டாலும், இறங்குபவர்கள் குறைந்தால் பேருந்தில் நெரிசல் கூடும். நீரிழிவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடர்வது. மருந்தும் கவனிப்பும் மேம்பட்டு, நீரிழிவோடு முன்னிலும் நீண்ட காலம் மக்கள் வாழ்ந்தால், பரவல் விகிதம் உயரும். அந்த உயர்வில் ஒரு பகுதி நல்ல செய்தி. இந்தியாவில் ஏறுபவர்கள் கூடவில்லை என்று சொல்ல வரவில்லை; உயர்வு முழுவதையும் புதிய நோயாளிகளின் கணக்கில் எழுதக் கூடாது என்பதே சொல்ல வருவது.

படிக்கட்டில் தொங்குபவர்கள்தான் முன்நீரிழிவுக்காரர்கள். அவர்களில் சிலர் உள்ளே போவார்கள், சிலர் இறங்கிவிடுவார்கள், சிலர் நெடுந்தூரம் படியிலேயே வருவார்கள். அவர்களையும் பயணிகளோடு சேர்த்து எண்ணுவதா என்பது எண்ணுபவரின் முடிவு. பயணச்சீட்டு எடுத்தவர்களை மட்டுமே நடத்துனரின் பை அறியும். மருத்துவரிடம் போய் நோய் கண்டறியப்பட்டவர்களும் அப்படித்தான். சீட்டு எடுக்காமல் நிற்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுக்கும் கணக்கெடுப்பு செய்வது அதைத்தான்.

1,13,043 பேரிலிருந்து 10.1 கோடிக்கு

இந்தியாவில் அந்த வேலையைச் செய்தது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு. 2008 முதல் 2020 வரை கட்டம் கட்டமாக, 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், 20 வயதும் அதற்கு மேலும் ஆன 1,13,043 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 79,506 பேர் கிராமங்களையும் 33,537 பேர் நகரங்களையும் சேர்ந்தவர்கள்.

ஒரு லட்சத்துச் சொச்சம் பேரை வைத்து ஏறத்தாழ 89 கோடிப் பெரியவர்களைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் இயல்பானது. பேசலாம், ஆனால் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பது எத்தனை பேர் என்பதைவிட முக்கியம். மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் நோயாளிகளே கிடைப்பார்கள். இலவச முகாமில் எண்ணினால், ஏற்கெனவே ஐயத்தோடு இருப்பவர்கள் முந்திக்கொண்டு வருவார்கள். ஆகவே கிராமங்களும் நகர வார்டுகளும் முதலில் குலுக்கல் முறையில் எடுக்கப்படும், அவற்றுக்குள் வீடுகள், ஒரு வீட்டுக்குள் ஒருவர் மட்டும். ஒரே வீட்டில் நால்வரை எடுத்தால் அவர்கள் பரம்பரையும் சமையலும் ஒன்றாக இருப்பதால், நான்கு பேரிடமிருந்து ஒருவருடைய தகவலை விடச் சற்றுக் கூடுதலே கிடைக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் காலையில் வெறும் வயிற்றோடு விரல் நுனியில் குத்திக்கொள்ள வேண்டும். பிறகு குளுக்கோஸ் நீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் குத்திக்கொள்ள வேண்டும். விடிந்தால் வயலுக்குப் போக வேண்டிய ஒருவரை இதற்குச் சம்மதிக்க வைப்பது எளிதன்று.

அடுத்து வரும் கணக்கு பலருக்கும் தெரியாத ஒன்று. இந்த ஆய்வில் நீரிழிவு நிலை கணிக்கப்பட்ட 1,07,119 பேரில் 10,151 பேருக்கு நோய் இருந்தது. வெறுமனே வகுத்தால் 9.5 விழுக்காடு. வெளியிடப்பட்டதோ 11.4 விழுக்காடு. இடையில் நடந்தது எடையிடல். ஒவ்வொரு மாநிலத்திலும் ஏறத்தாழ 4,000 பேர் என்று திட்டமிட்டதால், 2011 கணக்கெடுப்பின்படி 11 லட்சம் மக்கள் கொண்ட மிசோரமும், 20 கோடி மக்கள் கொண்ட உத்தரப் பிரதேசமும் மாதிரியில் சமமாக இடம்பெற்றன. நாட்டின் எண்ணைச் சொல்லும்போது, ஒவ்வொருவருடைய விடையும் அவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதியோ அந்த அளவுக்குப் பெருக்கப்படுகிறது. இந்தப் பெருக்கல் பொய்க்கணக்கு அன்று. அதைச் செய்யாமல் விடுவதே பிழையான கணக்கு.

11.4 என்பதும் ஒற்றைப் புள்ளி அன்று. மாதிரியை வைத்துச் சொல்வதால், உண்மை விகிதம் 10.2க்கும் 12.5க்கும் இடையில் இருக்கும் என்று ஆய்வே கூறுகிறது. இவ்வாறு கொடுக்கப்படும் எல்லைகளுக்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். தலைப்புச் செய்திகள் இதைத்தான் முதலில் வெட்டி எறிகின்றன.

இன்னொரு சறுக்கலையும் சொல்லிவிடலாம். நீரிழிவு 11.4, முன்நீரிழிவு 15.3, கூட்டினால் 26.7, ஆகவே 'நான்கில் ஓர் இந்தியருக்குச் சர்க்கரைச் சிக்கல்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்த விழுக்காடுகள் 20 வயதைக் கடந்தவர்களுக்கானவை. 10.1 கோடியை 140 கோடி மக்கள்தொகையால் வகுத்தால் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேலேதான் வரும்.

பத்து கோடி இருபத்தொரு கோடியானது எப்படி

2024இல் வெளிவந்த உலக அளவிலான ஆய்வு, வீடு வீடாகப் புதிதாகச் சென்றது அன்று. பல நாடுகளில் ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டது. அது 18 வயது முதல் எண்ணியது. ஆனால் பெரிய வேறுபாடு வயதில் இல்லை, சோதனையில் இருக்கிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது ஹெச்பிஏ1சி 6.5 அல்லது நீரிழிவு மருந்து எடுத்துக்கொண்டிருப்பது, இவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் நீரிழிவு என்று அது வரையறுத்தது. இந்திய ஆய்வின் 10.1 கோடி என்ற எண்ணோ, வெறும் வயிற்று அளவையும் குளுக்கோஸ் குடித்த பிறகான அளவையும் அடிப்படையாகக் கொண்டது.

மூன்று சோதனைகளும் ஒரே பொருளை அளப்பதாக நினைப்பதால்தான் இது குழப்புகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரவெல்லாம் கல்லீரல் எவ்வளவு குளுக்கோஸை வெளியிட்டது என்பதைப் பெரிதும் காட்டும். குளுக்கோஸ் குடித்த பிறகான அளவு, தசைகள் எவ்வளவு விரைவாக எடுத்துக்கொள்கின்றன, கணையம் எவ்வளவு வேகமாகச் சுரக்கிறது என்பதைக் காட்டும். ஹெச்பிஏ1சி பல வாரங்களின் சராசரி. ஒன்றில் கோட்டைத் தாண்டும் ஒருவர் மற்றொன்றில் தாண்டாமல் இருப்பது மிகச் சாதாரணம். ஆகவே 'அல்லது' என்ற சொல்லோடு ஹெச்பிஏ1சியைச் சேர்த்தால், அந்தச் சோதனையில் மட்டும் சிக்குபவர்கள் புதிதாகக் கணக்கில் வருவார்கள்.

இந்தியாவில் இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில், சர்க்கரை ஏறாமலேயே ஹெச்பிஏ1சி சற்று உயர்ந்து தெரியலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. எனவே ஹெச்பிஏ1சியால் கூடிய எண்ணிக்கையில் ஒரு பங்கு உண்மையான நோயாகவும் ஒரு பங்கு அளவீட்டின் சாயலாகவும் இருக்க வாய்ப்புண்டு. என் பார்வையில், 10.1 கோடி என்பது கவனமாகப் போடப்பட்ட அடித்தளக் கணக்கு, 21.2 கோடி என்பது வலையை அகலமாக விரித்த கணக்கு. இரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, இரண்டையும் கழித்து 'ஓராண்டில் 11 கோடி கூடிவிட்டது' என்று சொல்லாமல் இருப்பது முதல் தேவை.

மாநிலங்களை ஒப்பிடும்போது

ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நீரிழிவு கோவாவில் 26.4 விழுக்காடு, புதுச்சேரியில் 26.3, கேரளத்தில் 25.5, தமிழ்நாட்டில் 14.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8. கேரளத்தவரின் உணவைக் குறை சொல்வதற்கு முன், அங்கு முதியவர்களின் பங்கு அதிகம் என்பதை நினைக்க வேண்டும். நீரிழிவு வயதோடு கூடும் நோய். இளையவர்கள் நிறைந்த மாநிலத்தில் அது இயல்பாகவே குறைவாகத் தெரியும். இரு மாநிலங்களிலும் வயதுப் பிரிவுகள் ஒரே விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு மறுபடி கணக்கிடும் முறைக்கு வயதுச் சீராக்கம் என்று பெயர். வயது எல்லா வேறுபாட்டையும் விளக்கிவிடாது. நகரமயமாதலும் வருமானமும் உண்டு. நாடு முழுவதுமாக நகரங்களில் 16.4 விழுக்காடும் கிராமங்களில் 8.9 விழுக்காடும் நீரிழிவு இருக்க, முன்நீரிழிவோ நகரம் 15.4, கிராமம் 15.2 என்று ஏறக்குறைய சமமாக நிற்கிறது. 8.9ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் 15.2ஐயும் பார்க்க வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் நீரிழிவு உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு பேர் முன்நீரிழிவோடு இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முன்நீரிழிவு 10.2 விழுக்காடு, அதாவது நீரிழிவை விடவே குறைவு. இந்த விகிதம் பல மாநிலங்களின் தரவரிசையைவிடப் பயனுள்ளது: முதலாவதில் அலை எழத் தொடங்குகிறது, இரண்டாவதில் பெரும்பகுதி எழுந்துவிட்டது.

முன்நீரிழிவு விதியல்ல

13.6 கோடிப் பேரும் நாளைய நோயாளிகள் என்று படிப்பது பரவலான தவறு. அடுத்த சோதனையில் இயல்புக்குத் திரும்பியவர்களும், பல ஆண்டுகள் அதே நிலையில் இருப்பவர்களும் அவர்களில் ஏராளம். ஆனால் அலட்சியத்துக்கும் இடமில்லை. இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்ற பெயரில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு உறுதி செய்யப்பட்ட 531 பேர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் தொடர்ந்து வழிநடத்திய பிரிவில் 39.3 விழுக்காட்டினருக்கு வந்தது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதே வகை முயற்சி ஆபத்தை 58 விழுக்காடு குறைத்தது. இந்தியர்களில் பலன் குறைவாக இருந்தாலும், இருந்தது.

பதிவேட்டு எண்கள்

கடைசியாக, கணக்கெடுப்பு எண்ணையும் திட்ட எண்ணையும் கலக்கும் வழக்கம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டுக்கே சென்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2023 மே மாதத்தில், 2025க்குள் இவ்விரு நோய்கள் உள்ள 7.5 கோடிப் பேரைச் சீரான சிகிச்சைக்குள் கொண்டுவருவது என்று இலக்கு அறிவித்தது. இத்தகைய திட்டங்களின் பதிவேடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு, கண்டறியப்படாமல் இருந்தவர்கள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். ஒரு மாவட்டத்தில் பதிவு இரண்டு மடங்கானால் அங்கு நோய் இரண்டு மடங்காகிவிட்டது என்று எழுதுவது, சிறப்பாக வேலை செய்த செவிலியரைத் தண்டிப்பதற்குச் சமம். 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, 30 வயதைக் கடந்த இந்திய நீரிழிவாளர்களில் 13.3 கோடிப் பேர் சிகிச்சை எதுவும் பெறவில்லை. அந்த எண் குறைய வேண்டுமானால் பதிவேட்டின் எண் கூடித்தான் ஆக வேண்டும்.